ஓஎல்இடி தகடா, எல்இடி பேனலா?

ஓஎல்இடி என்பது மின்சாரம் பாய்ந்தால் முழுப் பரப்பும் ஒளிரும், கரிமப் பொருள் அடுக்குகள் கொண்ட மெல்லிய தகடு விளக்கு. அதை விற்பவர்கள் பக்கத்தில் ஒரு எல்இடி பல்பை எரியவிட்டு, "பாருங்கள், இது கண்ணைக் கூசுகிறது, அது கூசவில்லை" என்பார்கள். உரலையும் அம்மியையும் ஒப்பிடுவது போன்ற கதை இது. ஓஎல்இடியின் நேரடிப் போட்டியாளர், அலுவலகக் கூரைகளில் பதித்திருக்கும் இரண்டுக்கு இரண்டடி எல்இடி பேனல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 36 வாட் பேனல் சுமார் 3,600 லூமன் (மொத்த ஒளியின் அளவு) தரும், பரப்பு 0.36 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 10,000 லூமன். ஓஎல்இடித் தகட்டை வழக்கமான ஒளிர்வில், அதாவது சதுர மீட்டருக்கு 3,000 கேண்டெலாவில் (ஒரு திசையில் தெரியும் ஒளியின் அளவு) ஓட்டினால், அதை π-ஆல் (3.14) பெருக்க, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 9,400 லூமன். கூச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 10 செ.மீ. சதுரத் தகடு ஒன்று தருவது 94 லூமன்தான். 900 லூமன் தரும் சாதாரண 9 வாட் எல்இடி பல்புக்கு ஈடாகப் பத்துத் தகடு வேண்டும்.

மின்செலவில் எல்இடிக்கே வெற்றி. ஓஎல்இடிக்குள் பிறக்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் தானாக வெளியே வரும். மீதி கரிம அடுக்குகளிலும் கண்ணாடியிலும் சிக்கிக்கொள்ளும். ஒளியை வெளியே இழுக்கும் படலம் ஒட்டி அதில் கொஞ்சத்தை மீட்கிறார்கள். நீல நிறம் இன்னொரு தலைவலி. 1998-இல் வந்த, செலுத்தும் மின்சாரத்தில் அதிகப் பங்கை ஒளியாக்கும் பாஸ்பரசன்ஸ் முறையால் சிவப்பும் பச்சையும் திறன் கூடின. நீலத்துக்கு ஆயுள் போதாததால், திறன் குறைந்த பழைய ஃப்ளோரசன்ட் பொருளையே பெரும்பாலும் வைக்கிறார்கள்.

பழுதாகும் விதமும் வேறு. எல்இடி பேனலில் பெரும்பாலும் முதலில் போவது டிரைவர், அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி. சூட்டில் அதனுள் மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வறண்டுவிடும். மாற்றிவிடலாம். மலிவான பேனல்களில் ஒளியைப் பரப்பும் பிளாஸ்டிக் தகடு மஞ்சளாகும். ஓஎல்இடிக்கு எமன் ஈரம். விளிம்பு அடைப்பில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் போதும், ஈரம் புகுந்து எதிர்மின்வாயை (உள்ளிருக்கும் உலோக மின்முனையை) கெடுக்கும். கரும்புள்ளி தோன்றி விரியும். அதைப் பழுதுபார்க்க வழியில்லை. ஆகவே விளிம்பை இறுக்கும் கிளிப் கூடாது.

ஓஎல்இடிக்கு டிரைவர் மாறா மின்னோட்ட வகையாக இருக்கட்டும். தகடுகளைத் தொடராக இணையுங்கள். இணையாகக் கொடுத்தால் ஒன்று அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சீக்கிரம் மங்கும். வயதாக ஆகத் தகட்டின் வோல்டேஜ் ஏறும் என்பதால், டிரைவரின் உச்ச வோல்டேஜில் கொஞ்சம் இடம் விட்டு வாங்க வேண்டும். ஒளியைக் குறைக்க, வேகமாக அணைத்து ஏற்றும் முறையைவிட மின்னோட்டத்தையே குறைப்பது நல்லது: பெரிய தகடு கெப்பாசிட்டர் போலவும் மின்னேற்றத்தைச் சேர்த்துக்கொள்வதால், வேகமாக அணைத்து ஏற்றுவதற்கு ஒத்துழைக்காது. மின்னோட்டம் குறைந்தால் ஆயுளும் கூடும்.

பிறகு ஓஎல்இடி எதற்கு? முகத்தருகே வைக்கும் படிப்பு விளக்கு, ஆழமில்லாத காட்சிப்பெட்டி, தடிமன் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாத இடம். சூட்டை வெளியேற்றத் தனி உலோகத் தகடு தேவையில்லை. கார்களின் பின்விளக்கு இன்னும் பொருத்தம்: வெளிச்சம் கொஞ்சம் போதும், ஆனால் பரப்பு சீராகவும் ஓரம் கூர்மையாகவும் தெரிய வேண்டும். 2016-இலேயே ஆடி டிடி ஆர்எஸ் காரில் அது வந்துவிட்டது.

வீட்டுக் கூரைக்கு எல்இடி பேனலே போதும். ஓஎல்இடிதான் வேண்டுமென்றால், உதிரித் தகடுகளையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். பிலிப்ஸே தன் ஓஎல்இடி விளக்குப் பிரிவை 2015-இல் ஓஎல்இடிவொர்க்ஸ் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. சில வருடம் கழித்து அதே அளவுத் தகடு கிடைப்பது நிச்சயமில்லை.