பண்டைய யூத சமூகம் பற்றிய சனிக்கிழமை மாலை வகுப்பு: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் பிரதான வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு திருச்சபை மண்டபத்தில், பண்டைய யூதரின் அன்றாட வழக்கங்கள் பற்றியும் அச்சமூகத்தில் ஒதுக்கப்பட்டிருந்தோர் பற்றியும் சனிக்கிழமை மாலைகளில் ஒரு குறுங்கால வகுப்பு நடத்தப்படுகிறது. மறைக்கல்வி ஆசிரியர்களை மனத்திற்கொண்டு தொடங்கப்பட்டதாயினும் எவரும் சேரலாம். என்னுடன் அமர்ந்திருந்தவர்களில் சைவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கணிசமாக இருந்தனர். தொடக்கம் முதல் இறுதிவரை இருந்து கேட்டவன் என்ற வகையில், சேர எண்ணுவோருக்காக இதனை எழுதுகிறேன்.

இவ்வகுப்பின் முதற்பெருமை, மறையுரைகளில் நாம் கேட்டுப் பழகிய ஒரு தவறான சித்திரத்தை அது பொறுமையாகக் களைவதே. யூதச் சட்டம் இரக்கமற்றது, தீட்டுப்பட்டவர் எல்லாம் பாவியாகக் கருதப்பட்டார் என்பது பலரின் எண்ணம். தீட்டு வேறு, பாவம் வேறு என்று வகுப்பு காட்டுகிறது. பெற்றோரின் உடலை அடக்கம் செய்பவர் ஏழு நாள் தீட்டுடையவர். ஆனால் அவர் செய்தது பிள்ளையின் கடமை. ஆண் குழந்தையைப் பெற்ற தாய்க்கு 40 நாளும் பெண் குழந்தையைப் பெற்றவளுக்கு 80 நாளும் ஆலயத்துக்குச் செல்லத் தடையுண்டு. ஆனால் மகப்பேற்றை அவர்கள் இறைவனின் ஆசியாகவே போற்றினர். 31ஆம் நாள் துடக்குக் கழிவு செய்யும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை, எனினும் விவிலியத்தை வாசிக்கும்போது ஏனோ நாம் இதை மறந்துவிடுகிறோம்.

உணவும் பாத்திரமும் பற்றிய பாடம் மனத்தில் நன்றாகப் பதிந்தது. விரிவுரையாளர் மேசைமீது ஒரு மண்முட்டியையும் ஒரு சிறிய கல்லுரலையும் வைத்தார். செத்த பல்லி மண்முட்டிக்குள் விழுந்தால், விவிலியத்தின் லேவியர் நூலின்படி உள்ளிருக்கும் பொருள் தீட்டாகும், முட்டியையும் உடைத்துவிடவேண்டும். ஊற்றிலும் நீர்த்தொட்டியிலும் விழுந்தாலோ அந்நீர் தூய்மையாகவே இருக்கும். கல்லால் ஆன பாத்திரம் தீட்டை ஏற்பதில்லை என்பது பின்னர் நிலைபெற்ற வழக்கு. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் இருந்ததாக நற்செய்தியாளர் யோவான் எழுதியதன் காரணம் அப்போதுதான் வகுப்பிற்குப் புலப்பட்டது. எருசலேமிலும், கலிலேயாவில் ரெய்னா என்ற ஊருக்கு அண்மையிலும் சுண்ணக்கல் பாத்திரங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையையும் அவர் படங்களுடன் காட்டினார்.

தொழுநோய் பற்றிய பாடத்துக்காக மட்டும் இவ்வகுப்பில் சேரலாம் என்பேன். நோயுற்றவர் கிழிந்த உடையுடன், தலைமயிரை விரித்து, மேலுதட்டை மூடி, ‘தீட்டு, தீட்டு’ என்று குரலெழுப்பியபடி பாளையத்துக்கு வெளியே தனித்து வாழவேண்டும் என்ற கட்டளையின் கொடுமையை விரிவுரையாளர் மழுப்பவில்லை. ஆயினும் லேவியர் நூலின் அதே அதிகாரங்களில் ஆடைக்கும் வீட்டுச் சுவருக்கும் இந்நோய் வருவதாகச் சொல்லப்படுவதையும், உடல் முழுவதும் வெண்மையானவர் தூயவர் என அறிவிக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, அது இன்று நாம் தொழுநோய் என்று அழைக்கும் நோயொன்றையே குறித்ததல்ல என்று நிறுவினார். குரு பரிசோதிக்க வருமுன் வீட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவிடவேண்டும், இல்லையேல் அவையும் தீட்டாகிவிடும் என்றொரு விதி உண்டு. ஏழையின் தட்டுமுட்டுச் சாமான்களைக் காக்கும் அந்த ஒரு வரியை நான் பலமுறை வாசித்திருந்தும் கவனித்ததில்லை. குணமானவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் சடங்கில் இரு பறவைகளுள் ஒன்று வெளியில் பறக்கவிடப்படுவதை அவர் விளக்கியபோது வகுப்பு அசையாமல் இருந்தது.

தொழிலால் ஒதுக்கப்பட்டோர் பற்றிய பாடமும் சிறப்பானதே. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் விலகியிருக்கவேண்டும் என்றும், தோல் பதனிடுபவனின் மனைவி நாற்றம் பொறுக்கவில்லை என்று மணவிலக்குக் கேட்கலாம் என்றும் யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. அத்தகைய ஒருவரின் வீட்டில்தான் யோப்பா என்ற ஊரில் இயேசுவின் சீடர் பேதுரு தங்கினார். வரி தண்டுவோராகிய ஆயக்காரரின் பெட்டியிலிருந்து காசு மாற்றலாகாது, பிச்சையும் பெறலாகாது. கப்பர்நாகூமில் தண்டப்பட்ட சுங்கம் நேரடியாக உரோமுக்கன்றி, கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவின் கருவூலத்துக்கே சென்றது என்ற நுட்பத்தை இங்கு வேறெங்கும் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறப்பால் ஒதுக்கப்பட்டோரிடம் வந்தபோதுதான் எனக்கு மனக்குறை. விலக்கப்பட்ட உறவில் பிறந்தவரின் வழித்தோன்றலும், விறகு வெட்டவும் நீர் சுமக்கவும் விதிக்கப்பட்ட கிபயோனியரின் வழிவந்தோரும் தலைமுறை தலைமுறையாக ஏனைய யூதருடனான திருமண உறவிலிருந்து விலக்கப்பட்டனர். தீட்டு நீராடலால் கழியும், இது கழியாது. அத்தகைய பிறப்புடைய அறிஞர் கல்லாத தலைமைக் குருவிலும் முந்தியவர் என்ற மிஷ்னாவின் துணிவான வாக்கையும் விரிவுரையாளர் சொன்னார். ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பேணியில் தேநீர் கொடுத்த கடைகளும், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் நினைவிலுள்ள மண்ணில் இருந்துகொண்டு, இந்த இடத்தில் அவர் இன்னும் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கவேண்டும். யூத வழக்கையும் எங்கள் சாதியையும் ஒன்றெனக் காட்டலாகாது என்ற அவரது எச்சரிக்கை நியாயமானது. ஆனால் கைகளை உயர்த்திய பலருக்குப் பேச நேரம் கிடைக்காமற்போனது நியாயமன்று.

பெண்கள் பற்றிய பாடமும் அவசரமாகவே முடிந்தது. வழங்கப்படும் பிரதிகளில் மிஷ்னாவின் கூற்றுகள் காலம் குறிக்கப்படாமல் நற்செய்திகளுக்கு அருகே அச்சாகியுள்ளன. மிஷ்னா ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் குறிப்பிடுவது புதியவர்களுக்கு உதவும். பின்வரிசையில் மின்விசிறியின் இரைச்சலால் குரல் தெளிவாகக் கேட்பதில்லை. ஆகவே நேரத்துக்குச் சென்று முன்கதிரைகளில் அமர்வது நல்லது. கட்டணம் எதுவும் அறவிடப்படுவதில்லை, பிரதிகளுக்கான செலவை விரும்பியோர் கொடுக்கலாம். செல்லுமுன் லேவியர் நூலின் 11 முதல் 15 வரையான அதிகாரங்களை ஒருமுறையேனும் வாசித்துச் செல்லுங்கள். விரிவுரையாளர் அதை எதிர்பார்த்தே பேசுகிறார்.