அன்னபேதியா, செலேட்டா? வெளுத்துப்போன நிலக்கடலைக்கு நான் எடுத்த முடிவு

மார்கழிப் பட்டத்தில் போட்ட நிலக்கடலை இருபத்தைந்தாம் நாள் மஞ்சள் காட்ட ஆரம்பித்தது. கொழுந்தில் மட்டும்தான். நரம்பு பச்சையாகவே இருக்க, இரண்டு நரம்புக்கு நடுவில் எலுமிச்சை நிறம். அடியிலை முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறை என்று யூரியா பக்கம் போயிருப்பேன். கொழுந்து முதலில் வெளுத்ததால் சந்தேகம் இரும்பின் மேல் விழுந்தது. பழைய இலையில் இருக்கும் இரும்பை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கச் செடிக்குத் தெரியாது.

எங்கள் நிலம் பல்லடத்துக்குத் தெற்கே. ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல் தட்டும். மண்ணை அள்ளி எலுமிச்சைச் சாறு விட்டால் சோடா மாதிரி நுரைக்கும். இந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைக் கரைய விடாது, அவ்வளவுதான். அதனால் இரும்பு உப்பை மண்ணில் வீசுவதையும் ஒதுக்கிவிட்டேன். தொழுவுரத்தோடு கலந்து போட்டால் ஓரளவு நிற்கும். வெறுமனே தூவினால் சில நாளில் துருவாகி மண்ணோடு மண்ணாகிவிடும். இலைவழித் தெளிப்புதான் வழி. எதைத் தெளிப்பது என்பதில்தான் கேள்வி.

உரக்கடைத் தம்பி, "அண்ணா, அன்னபேதி எல்லாம் அந்தக் காலம், செலேட் எடுத்துக்கங்க" என்றார். எனக்குச் சந்தேகம். இரண்டையும் வாங்கி, நாற்பது சென்ட்டை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி தெளித்தேன். ஒரே வயல், ஒரே பட்டம். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். வெளிர்பச்சைப் படிகம். உரக்கடைச் சரக்கில் இரும்பு 19 சதம். செலேட் என்று அவர் கொடுத்தது இ.டி.டி.ஏ. வகை. மஞ்சள் தூள், இரும்பு 12 சதம். அந்த இரும்பை ஒரு கரிம மூலக்கூறு நண்டு இடுக்கியில் பிடிப்பது மாதிரி பிடித்திருக்கும். அதனால் காற்றும் தண்ணீரும் அதைச் சட்டென்று கெடுக்க முடியாது.

விலையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் செலேட் மலை, அன்னபேதி மடு. ஆனால் ஏக்கர் கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால், அரை சதக் கரைசலுக்கு அன்னபேதி ஒரு கிலோ. செலேட் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 200 கிராம்தான். நான் வாங்கிய விலையில் செலேட் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வந்தது. கூலியோடு சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

ஆனால் ஒரு லிட்டரில் இலைக்குப் போகும் இரும்பைப் பாருங்கள். அன்னபேதியில் 5 கிராமில் ஏறக்குறைய 0.95 கிராம். செலேட்டில் 0.12 கிராம். எட்டு மடங்கு. இது கண்ணுக்கே தெரிந்தது. அன்னபேதி தெளித்த பக்கம் ஐந்தாம் நாள், துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளி. மஞ்சள் துணியில் மை தெளித்த மாதிரி. பத்தாம் நாளுக்குள் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிவிட்டன. செலேட் பக்கம் சீராகப் பச்சை பிடித்தது, கருகலும் இல்லை. ஆனால் அந்தப் பச்சை வெளிறித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தெளிப்புக்குப் பிறகு வந்த கொழுந்து மறுபடி வெளுத்தது, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அன்னபேதிக்கு இரண்டு தெளிப்பு, செலேட்டுக்கு நான்கு. அந்தக் கூலிதான் என்னை அன்னபேதி பக்கம் சாய்த்தது.

சரி, அப்படியானால் அன்னபேதி அடித்தும் பலனில்லை என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. முந்தின வருடம் நானும் அதையேதான் சொன்னேன். அப்போது ஒரு சிப்பமாக வாங்கி, பாதியை மோட்டார் அறையில் வாய் கட்டாமல் வைத்திருந்தேன். மழை முடிந்து திறந்தால் மேலெல்லாம் பழுப்புப் பொருக்கு. "துருதானே, அதுவும் இரும்புதானே" என்று கரைத்து அடித்தேன். ஒரு இலைகூடப் பச்சையாகவில்லை, நாசில்தான் அடைத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். அன்னபேதியில் இருப்பது பெரஸ் இரும்பு. கரையும், இலைக்குள் போகும். ஈரக் காற்றுப் பட்டால் பெரிக் இரும்பாக மாறிப் பழுப்பாகும். அது இலை மேல் கறையாக உட்கார்ந்துகொள்ளும், உள்ளே போகாது. பச்சை பழுப்பாவது மூட்டையில் மெதுவாக நடக்கும், தெளிப்புத் தொட்டியில் படுவேகமாக நடக்கும். அந்த வேகத்தை முடிவு செய்வது தண்ணீரின் பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; எண் ஏற ஏறக் காரம். சாதாரணத் தண்ணீரின் அளவுகளுக்குள், பி.எச். ஒரு படி ஏறினால் மாற்றம் சுமார் நூறு மடங்கு வேகமாகும். பத்து மடங்கு இல்லை, நூறு. எங்கள் போர்த் தண்ணீர் 8. அதில் அன்னபேதியைப் போட்டால் கலக்கும்போதே டீ நிறம் வந்துவிடும். டேங்க்கை முதுகில் மாட்டிப் பாத்தி முனைக்குப் போவதற்குள் பாதி மருந்து செத்திருக்கும்.

இதற்கு மருந்து மளிகைக் கடையிலேயே இருக்கிறது, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). லிட்டருக்கு ஒரு கிராம். தண்ணீரில் முதலில் அதைக் கரைக்க வேண்டும், அப்புறம்தான் அன்னபேதி. வரிசை மாறினால் பயனில்லை. வந்த பழுப்பு அவ்வளவு லேசில் திரும்பப் பச்சையாகாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கரைசல் வெளிர்பச்சையாக, அடி தெரியும்படி தெளிவாக இருக்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் அடிப்பது நல்லது. உச்சி வெயிலில் ஒரு சதக் கரைசல் அடித்து இலை நுனி கருகியதையும் பார்த்துவிட்டேன்.

வாங்கும்போதும் இதே பார்வைதான். படிகம் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே வெள்ளைப் பூச்சு மாதிரி இருந்தால் பயமில்லை, அது ஈரப்பதம் உலர்ந்தது மட்டும்தான். பழுப்பு இருந்தால் வேண்டாம். நீலமாக இருந்தால் அது அன்னபேதியே இல்லை, மயில்துத்தம். இரும்புதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையைக் கட்டஞ்சாயாவில் போட்டுப் பாருங்கள், கரி மாதிரி கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி சேர்த்து எழுத்து மை செய்ததும் இந்தச் சங்கதியை வைத்துத்தான். (அந்த டீயைக் கையோடு கொட்டிவிடுங்கள்.)

இப்போதெல்லாம் தெளிக்கப் போகும் வாரத்தில்தான் வாங்குகிறேன், இரண்டு கிலோ. இரட்டை பிளாஸ்டிக் பை, காற்றுப் புகாத மூடி போட்ட டப்பா, டப்பா மேல் பெரிய எழுத்தில் பெயர். இதில் செலேட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதன் இரும்பு ஏற்கெனவே பெரிக்தான், ஆனால் அந்த நண்டு இடுக்கி பிடித்திருப்பதால் துருவாகாமல் கரைந்தே இருக்கும்; மேற்கொண்டு கெட ஒன்றுமில்லை. பாக்கெட்டை மூடி வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் ஆகும். டவுனில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டம் என்று இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செலேட்டையே வாங்கலாம்.

டப்பாவில் பெயர் எழுத வைத்தது அக்கா மகள். நாலு வயசு. வராந்தாவில் எடைபோட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, இது பச்சைக் கல்கண்டா?" என்றாள். கையில் ஒரு துண்டு. வாய்க்குப் போகும் முன் பிடுங்கிவிட்டேன். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு வயிற்றுக்குள் போனால் கடும் விஷம் என்பது மருத்துவக் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு 720 மில்லிகிராம் இரும்பு. அன்னபேதியாகச் சொன்னால் நாலு கிராம் கூட இல்லை, ஒரு டீஸ்பூனுக்குள் அடங்கும். அன்னபேதி செந்தூரம் மருந்தாயிற்றே என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது பக்குவப்படுத்தியது, அளவோடு கொடுப்பது, இது உரம்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். முக்கியமாக ஒன்று: இரும்பு விஷத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்தில் அடங்கி, குழந்தை தெளிந்த மாதிரி தெரியும். அது தெளிவு இல்லை. ஈரலைத் தாக்கும் கட்டம் அதற்குப் பிறகுதான் வரும். "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக் கூடாது.

மற்றபடி பெரிய பயமில்லை. கரைசல் புளிப்பானது, கண்ணில் பட்டால் எரியும். பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொட்டி அளக்கும்போது தூசி பறக்கும், மூக்கில் துணியும் கையில் உறையும் போதும். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள், தகர வாளியை அரித்துவிடும். பித்தளை நாசிலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட், சுண்ணாம்பு, போர்டோ கலவை எதையும் இதோடு சேர்க்காதீர்கள், திரிந்து அடியில் தங்கிவிடும். மிச்சக் கரைசலை வாய்க்காலில் விடாமல் குப்பைக்குழியில் ஊற்றுவேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இ.டி.டி.எச்.ஏ. செலேட். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் பாக்கெட்டில் நடுவே 'எச்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்பு 6 சதம்தான், விலை கையைக் கடிக்கும். ஆனால் சுண்ணாம்பு மண்ணிலும் பி.எச். 9 வரை இரும்பை விடாமல் பிடித்துக்கொள்ளும். சாதாரண இ.டி.டி.ஏ. 6.5-ஐத் தாண்டினாலே கால்சியத்துக்கு இடம் கொடுத்து இரும்பை விட்டுவிடும். எங்கள் மாதிரி மண்ணில் அதைச் சொட்டுநீரில் விடுவது காசைக் கரைப்பதுதான். அன்னபேதியைச் சொட்டுநீரில் விட்டால் குழாயே அடைத்துக்கொள்ளும்.

நான் இ.டி.டி.எச்.ஏ.வைப் பயன்படுத்தியது நாலு எலுமிச்சை மரங்களுக்கு, ஒரே ஒரு தடவை. வேரடியில் ஊற்றினேன், தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருந்தது. மூன்று மரம் புதுக் கொழுந்தைப் பச்சையாகவே விட்டது. நாலாவது இன்னும் மஞ்சள்தான்; அதற்கு வேரிலும் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். மரப் பயிருக்கு இது சரிப்படும் போலிருக்கிறது. நூற்றுப்பத்து நாள் கடலைக்கு இவ்வளவு செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

எடைபோட்ட வராந்தாவில் அன்று சிந்திய ஈரம் உள்ளங்கையளவு துருக்கறையாக இன்னும் இருக்கிறது. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இப்போது எடை போடுவது மோட்டார் அறைக்கு வெளியே, மண் தரையில்.