வார்ஹேமர் 40,000 தொடக்கப் பெட்டி: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் வார்கேமிங்கில் பலருக்கு முதல் வாசல் வார்ஹேமர் 40,000. இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1987-இல் வெளியிட்ட ஆட்டம் இது. 2023-இல் பத்தாம் பதிப்பு வந்தது. அந்தப் பதிப்போடு வந்த பெட்டிகளில் ஆகச் சிறிய அறிமுகப் பெட்டியை வைத்தே இங்கே பேசுகிறோம். ஒரு பக்கம் கவச வீரர்களான இன்ஃபெர்னஸ் மரீன்கள் 5, எதிர்ப்பக்கம் வேற்றுக்கிரக உயிரினங்களான டெர்மகாண்ட்கள் 10, கூடவே சில பெயின்ட் குப்பிகள், ஒரு பிரஷ், ஒரு கட்டர்.

பெரிய பெட்டி வாங்கினால் பொம்மைக்கு ஆகும் விலை குறையும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் பொம்மைக்கு ஆகும் நேரம் குறையாது. புதிய கைக்கு ஒரு மரீனை வெட்டி, சுரண்டி, ஒட்டி, பூசி முடிக்க மூன்று மணி நேரமாவது பிடிக்கும். பதினைந்து பொம்மை என்றால் ஒன்றரை மாத மாலைப் பொழுதுகளில் முடிந்துவிடும். அறுபது என்றால் பாதியில் அலமாரிக்குப் போய்விடும். இந்தப் பொழுதுபோக்கை விட்டவர்களைக் கேட்டால் விதிகள் கடினம் என்று சொல்பவர்கள் குறைவு. பூசாத பிளாஸ்டிக் குவியலைப் பார்த்து மனம் சோர்ந்தவர்கள்தான் அதிகம். அதனால் சின்னப் பெட்டியை முழுதாக முடித்து, இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு அடுத்ததை வாங்குங்கள். எந்தப் படை பலமானது என்று பார்த்தும் வாங்க வேண்டாம். எந்தப் பொம்மைக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லும் பாயின்ட் கணக்குகளை நிறுவனம் ஆண்டுக்குச் சில முறை திருத்துகிறது. இன்று பலமானது நாளை சாதாரணமாகும். பார்க்கப் பிடித்த படையை எடுங்கள். ஆடும் நேரத்தைவிட அதைக் கையில் பிடித்துப் பூசும் நேரம்தான் மிக அதிகம்.

பெட்டியில் உள்ளவை அழுத்திப் பொருத்தும் வகை, பசை கட்டாயமில்லை. ஆனாலும் பிளாஸ்டிக் சிமென்ட் ஒரு குப்பி வாங்கி வைப்பது நல்லது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் கையாண்டாலும் அந்த மூட்டு விடுவதில்லை. ஃபெவிகுவிக் போன்ற சூப்பர் குளூ மேலோட்டமாகத்தான் பிடிக்கும், கீழே விழுந்தால் ‘டக்’ என்று விட்டுப்போகும். ரெசின், உலோகப் பொம்மைகளுக்குச் சூப்பர் குளூதான் வழி, ஏனென்றால் சிமென்ட் அவற்றைக் கரைக்காது. பாகங்களைப் பொருத்தும் சில பிளாஸ்டிக் ஆணிகள் துளைக்குள் முழுதாக இறங்காமல் இடைவெளி தெரியும். ஆணியின் நுனியை ஒரு மில்லிமீட்டர் வெட்டிவிட்டு, சிமென்ட் தொட்டு அழுத்தினால் சரியாகும்.

பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை ஒரே வெட்டில் ஒட்ட வெட்டக் கூடாது. அப்படி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டுக் குழி விழும். முதல் வெட்டு 2 மி.மீ. தள்ளி, இரண்டாவது வெட்டு ஒட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். கட்டரின் தட்டையான பக்கம் பொம்மையைப் பார்த்திருக்கட்டும். பிறகு அச்சுக்கோடு. இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரப்பு போல ஓடும் கோடு அது. கத்தியின் முதுகுப் பக்கத்தை நேராக நிறுத்திச் சுரண்டினால் போய்விடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்கே தெரியாது. வாஷ் (இடுக்குகளில் இறங்கி நிழல் தரும் நீர்த்த பெயின்ட்) ஊற்றிய பிறகுதான் ஹெல்மெட் நடுவே கீறல் மாதிரி எழுந்து நிற்கும், அப்போது திருத்த வழியில்லை.

அதிகமாகப் பாழாவது பிரைமரில்தான், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் போடும் அடிப்பூச்சில். ஸ்பிரே கேனின் செய்முறை, மிதமான, உலர்ந்த வானிலையை நினைத்து எழுதப்பட்டது. காற்றின் ஈரப்பதம் 60–65 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு வெளிறிப் பனி படர்ந்த மாதிரி ஆகும். வெயில் கடுமையாக இருந்தால் துளிகள் பொம்மையைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, மணல் தாள் போலச் சொரசொரப்பாக ஒட்டும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இந்த இரண்டு தொல்லையும் மாறி மாறி வரும். சென்னைக் கோடையில் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று உள்ளே வருமுன் ஈரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் சூடு உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். ஸ்பிரேதான் வேண்டுமென்றால் கேனை நிழலில் வைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20–25 செ.மீ. தூரத்தில், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் சின்ன வீச்சுகளாக அடிக்க வேண்டும். முதலில் ஒரு காலிச் சட்டத்தில் அடித்து, பத்து நிமிடம் கழித்து விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் அன்றைக்கு வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை பிரஷ்ஷால் பூசும் பிரைமர். அகலப் பிரஷ்ஷில் எடுத்து, குழிகளில் தேங்காமல் இழுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஆற விடுங்கள். ஒரு மணி நேரத்தில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். அதை நம்பி மேலே பூசினால் பிரைமர் தோலாக உரிந்து வரும். ஸ்பிரே கெட்டுப்போன பொம்மையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். பெயின்ட் கடைத் தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்திலேயே வரக் கூடாது. அவை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

குப்பியிலிருந்து எடுத்த பெயின்ட்டை அப்படியே பூசினால் முகத்தின் வரிகள் மூடிப்போகும். நீர் கலந்து, கொழுப்பு நீக்கிய பால் பதத்துக்கு வந்ததும் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும், பதறி அதன்மேலேயே தேய்க்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் தட்டில் வைத்த பெயின்ட் ஐந்து நிமிடத்தில் இறுகும், அதனால் ஈரத்தட்டு இல்லாமல் நடக்காது. மூடியுள்ள ஆழமில்லாத டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சோ மடித்த டிஷ்யூவோ விரித்து, மேலே பேக்கிங் பேப்பர் போட்டால் போதும். மெழுகு பூசிய தாளை வாங்கிவிடாதீர்கள், அது நீரை மேலே விடாது. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

பிரஷ்ஷில் 000 சைஸ்தான் நுணுக்கத்துக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பெயின்ட் நிற்காது, நுனி பொம்மையை எட்டுமுன் உலர்ந்துவிடும். நல்ல கூர்நுனி கொண்ட 1 அல்லது 2 போதும், கண்ணைக்கூட அதிலேயே போடலாம். பெட்டியோடு வரும் செயற்கை மயிர்ப் பிரஷ்ஷின் நுனி சில மாதத்தில் கொக்கி போல வளையும். அதைப் பசைக்கும் பொம்மை நிற்கும் அடித்தளத்துக்கும் ஒதுக்குங்கள். உலோகக் கழுத்துவரை பெயின்ட்டில் முக்கினாலும், தண்ணீர்க் கோப்பையில் தலைகீழாக நிறுத்தினாலும் எந்தப் பிரஷ்ஷும் பிழைக்காது.

டெர்மகாண்ட் பத்தையும் வேகமாக முடிக்க, எலும்பு நிறப் பிரைமர்மேல் ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் மிக உதவும். அது ஒளி ஊடுருவும் பூச்சு. குழிகளில் திரண்டு அடர்த்தியாகும், மேடுகளில் மெலிந்து அடிநிறத்தைக் காட்டும். கறுப்புப் பிரைமர்மேல் போட்டால் ஒன்றுமே தெரியாது. தொடைக்கு அடியில் சொட்டாகத் தேங்கினால் உலர்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள், இல்லையென்றால் கறை வளையம் நிற்கும். மரீன்களுக்கு நீலம் இரண்டு பூச்சு, துப்பாக்கிக்கு வெள்ளி, மூட்டு இடுக்குகளில் வாஷ், விளிம்பில் வெளிர்நீலக் கோடு. அடித்தளத்துக்கு ஃபெவிகால் தடவி, சலித்த மணலில் அழுத்தி, காய்ந்ததும் நீர் கலந்த ஃபெவிகாலை மேலே விட்டு மணலைக் கெட்டிப்படுத்துங்கள். மேசையில் பார்க்கும்போது பாதி அழகு அந்த அடித்தளத்தில்தான்.

கடைசியில், பெயின்ட் தேயாமல் காக்கும், பளபளக்காத மேட் வார்னிஷ். இதையும் பிரஷ்ஷாலேயே பூசுங்கள், ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷ் வெண்மேகமாகிவிடும். வார்னிஷ் பூசாத பொம்மைகளில் முதலில் தேய்வது ஹெல்மெட் உச்சி, துப்பாக்கி முனை, தோள் விளிம்பு. தலையைப் பிடித்துத் தூக்காமல் அடித்தளத்தைப் பிடித்துத் தூக்கப் பழகினால் தேய்மானம் பாதியாகும்.

ஆடுவதற்கு மேசை பெரிதாக வேண்டாம். காம்பாட் பேட்ரோல் என்ற சிறிய அளவு ஆட்டத்துக்கு 44 × 30 அங்குலம். சாப்பாட்டு மேசை போதும். மறைவிடங்கள் நிறைய வேண்டும். வெட்டவெளியில் ஆடினால் முதலில் சுடுபவர்தான் ஜெயிப்பார். தெர்மோகோலில் சுவர்கள் செய்பவர்கள், ஸ்பிரே அடிக்குமுன் ஃபெவிகாலும் பெயின்ட்டும் கலந்து முழுதாகப் பூசி மூடிவிடுங்கள். ஸ்பிரேயின் கரைப்பான் பட்டால் தெர்மோகோல் உருகிக் குழிந்துபோகும்.

அடிப்படை விதிகள் பிடிஎஃப் ஆக இலவசமாகவே தரப்பட்டன, கனத்த புத்தகங்களை முதல் நாளே வாங்க அவசியமில்லை. பகடைக் கணக்கு பிடிபட்டால் ஆட்டம் பாதி புரிந்த மாதிரி. பத்துக் குண்டு சுடுகிறீர்கள். 3+ (3 அல்லது அதற்கு மேல்) விழுந்தால் படும் என்றால் ஏறக்குறைய ஏழு படும். ஆயுதத்தின் வலிமையும் எதிரியின் தாங்குதிறனும் சமம் என்றால் காயத்துக்கு 4+ வேண்டும். ஏழில் மூன்று சொச்சம் தேறும். எதிரியின் கவசம் 3+ என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுத்துவிடும். மிஞ்சுவது ஒன்றே ஒன்று. பத்துக்கு ஒன்றுதானா என்று புதியவர்கள் திகைக்கிறார்கள், ஆனால் அதுதான் இயல்பு. பாய்ச்சலும், அதாவது பகடையில் விழும் எண்ணிக்கை அங்குலம் ஓடி எதிரியை நெருங்குவதும், அப்படியே. இரண்டு பகடையைக் கூட்டினால் சராசரியாக 7 வரும். 9 அங்குலப் பாய்ச்சல் 36-இல் 10 முறைதான் கைகூடும். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

முதல் இரண்டு ஆட்டத்தில் ஸ்ட்ராட்டஜம்களை (இடையிடையே பயன்படுத்தும் சிறப்பு உத்திகளை) தொடாமல், நகர்வு, சுடுதல், பாய்ச்சல், கைகலப்பு மட்டும் வைத்து ஆடுங்கள். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் கொல்வதிலேயே குறியாக இருப்பதால்தான். வெற்றிப் புள்ளி தருவது, குறியிடத்திலிருந்து 3 அங்குலத்துக்குள் ஆள் நிறுத்திப் பிடித்துவைப்பது. செத்துச் செத்து வரும் டெர்மகாண்ட் கூட்டம் மரீன்களைத் தோற்கடிப்பது இந்த வழியில்தான்.

2017, 2020, 2023 என்று மூன்று ஆண்டுக்கொரு முறை பதிப்பு மாறியிருக்கிறது. அச்சிட்ட விதிகளும் அட்டைகளும் பழசாகும், பொம்மைகள் ஆகாது. அவற்றையே வைத்து ஒன் பேஜ் ரூல்ஸ் போன்ற இலவச விதிகளிலும் ஆடலாம்.

பொம்மைகளை வைத்துக்கொள்ள அடித்தளத்தின் உட்புறத்தில் 5 × 2 மி.மீ. நியோடிமியம் காந்தம் ஒட்டுங்கள். எம்-சீலைச் சம அளவில் பிசைந்து குழியில் வைத்து, காந்தத்தை விளிம்பு மட்டத்துக்கு வரும்படி அழுத்த வேண்டும். உள்ளே அமுங்கிப்போனால் பிடிப்பு இராது. பழைய தகர பிஸ்கட் டப்பா நல்ல பெட்டியாகும். எவர்சில்வர் டப்பா வாங்குவதென்றால் காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் ஒட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், பலவற்றில் ஒட்டாது.