க்ரூகரா செரங்கெட்டியா? ஸ்டியரிங் யார் கையில இருக்குங்கறதுதான் விஷயம்

தென்னாப்பிரிக்காவுல க்ரூகர், தான்சானியாவுல செரங்கெட்டி, இந்த ரெண்டு தேசியப் பூங்காவுக்கும் போய்ட்டு வந்தாச்சு, மறுபடி ஒண்ணுக்குத்தான்னா நான் க்ரூகருக்குத்தான் டிக்கெட் போடுவேன். சிங்கம், யானை, சிறுத்தை எல்லாம் ரெண்டு எடத்துலயும் இருக்கு, அதுல பேச ஒண்ணுமில்ல.

க்ரூகர்ல நாமளே ஓட்டலாம். முக்கியமான ரோடெல்லாம் தார், வாடகைக்கு எடுத்த சின்ன காரே போதும், தென்னாப்பிரிக்காவுலயும் இடது பக்கம்தான் ஓட்டணும்ங்கறதால நமக்குப் புதுசா பழக ஒண்ணுமில்ல, தார்ல 50, மண் ரோட்ல 40 கிலோமீட்டர் வேகத்தத் தாண்டக்கூடாது, அவ்ளோதான். பூங்காவுக்குள்ளயே தங்கறதுக்கு இருக்கற லோயர் சபி கேம்ப் பக்கத்துல சன்செட் டேம்னு ரோட்டை ஒட்டியே ஒரு அணை இருக்கு, அங்க வண்டிய ஓரங்கட்டிட்டு எவ்ளோ நேரம் வேணா உக்காரலாம், நீர்யானை கொட்டாவி விடும், முதலை கட்டை மாதிரி கெடக்கும், ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் பாத்தா யானைக்கூட்டம் தண்ணிக்கு எறங்கிட்டிருக்கும். எனக்கு சஃபாரின்னா இந்தக் காத்திருப்புதாங்க.

செரங்கெட்டியில இது நடக்கல. அங்க சீசன்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் நுழைவு, மேல வரி, அப்புறம் வண்டி, டிரைவர், அருஷா ஊர்லேர்ந்து ங்கொரொங்கோரோங்கற பாதுகாக்கப்பட்ட பகுதி வழியா போனா அதுக்குத் தனிக் கட்டணம். இவ்ளோ கொட்டிட்டு ஒரு குட்டை பக்கத்துல சும்மா உக்கார யாருக்கு மனசு வரும்? ரேடியோல ஏதாவது சொன்னா டிரைவர் வண்டியத் திருப்பிடுவார், போய்ப் பாத்தா ஏற்கனவே வரிசையா லேண்ட் க்ரூசர் நிக்கும். ஆனா அவர் கண்ணு இருக்கே, தூரத்துப் புல்லுல காது அசையறதக் கூடக் கண்டுபிடிச்சுடுவார், க்ரூகர்ல தாழ்வான கார்ல உக்காந்துட்டு நாம எத்தனைய விட்டோமோ. அதனால க்ரூகருக்குப் புல்லு காஞ்சிருக்கற ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள போறது நல்லது. ஜூன்ல சாயந்தரம் அஞ்சரைக்கே கேட் மூடிடுவாங்க, அதுக்குள்ள கேம்ப்ல இருக்கணும்.

நிலக்காட்சின்னா செரங்கெட்டிதான், சந்தேகமே வேணாம். கண்ணுக்கெட்டுன வரைக்கும் புல்வெளி, நடுவுல பாறைக்குன்று, அது மேல சிங்கம். க்ரூகரோட வடக்குப் பக்கம் மோப்பானிங்கற மரத்தோட புதரா வந்துட்டே இருக்கும், போரடிக்கும். லட்சக்கணக்குல வில்டபீஸ்ட், அதாவது மாடு மாதிரி இருக்கற பெரிய மான், மாரா ஆத்தைத் தாண்டுறதுக்கு க்ரூகர்ல பதிலே இல்ல, ஆனா நான் செரங்கெட்டி நடுப்பகுதி வரைக்கும்தான் போனேன், ஆறு இருக்கற வடக்குப் பக்கம் போகல, அதுக்காகவே போறவங்க என் பேச்சைக் கேக்க வேணாம்.

க்ரூகர்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஃப்ளைட்டுக்கு முன்னாடி கேம்ப் ரூம் போட்டுடுங்க, அங்க ஸ்கூல் லீவு நேரத்துல சீக்கிரம் நிரம்பிடுது. மலேரியா மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, அது ரெண்டு ஊருக்கும் பொது.