பின்னணியைக் கரைப்பதா, விட்டுவைப்பதா?

தெருவில் ஒருவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் முதலில் கை போவது அபெர்ச்சருக்குத்தான், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளைக்கு. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது, பின்னணி மங்கும். ஃபுல் ஃபிரேம் கேமரா (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது), 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, மூன்று மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் முன்னும் பின்னுமாகச் சேர்த்தே சுமார் 13 செ.மீ.தான் ஷார்ப்பாக விழும். பெஞ்சில் செய்தித்தாளை விரித்திருக்கும் பெரியவரின் கண் கிடைத்தால், நீட்டிய கையிலிருக்கும் தாள் கிடைக்காது. அவராவது உட்கார்ந்திருக்கிறார். நடந்து வருகிறவர் ஒரே எட்டில் அந்த 13 செ.மீ.யைத் தாண்டிவிடுவார். ஆள் சுவரை ஒட்டி நின்றாலோ, இவ்வளவு திறந்தும் சுவர் பெரிதாக மங்காது.

உச்சி வெயிலில் வேறு தலைவலி. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 100க்குக் குறைத்தாலும் ஷட்டர் 1/8000 நொடியை ஒட்டிப் போக வேண்டியிருக்கும். 1/4000உடன் நின்றுவிடும் கேமராவில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டாவிட்டால் படம் வெளுத்துவிடும்.

எதிர்முகாம், பின்னணியை விட்டுவைக்கும் 35 மி.மீ., எஃப் 8காரர்கள். ஃபோக்கஸை மூன்று மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 1.9 முதல் 7 மீட்டர் வரை எல்லாமே தெளிவு. பட்டனை அழுத்துவதுதான் பாக்கி. ஆனால் ஆளின் தலையில் விளக்குக் கம்பம் முளைப்பதும் இங்கேதான். இரண்டடி தள்ளி நின்றால் கம்பம் விலகும். குனிந்து எடுத்தால் வானமே பின்னணி. பின்னால் நிழல், முகத்தில் வெயில் என்றால் இன்னும் சுலபம்: முகத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியின் அளவு) வையுங்கள், மற்றதெல்லாம் தானாகக் கறுத்துவிடும்.

பகலில் என் ஓட்டு இவர்களுக்கே. பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன் 1932இல் எடுத்த படத்தில் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டுகிறார். பின்னால் சுவரொட்டியிலும் ஓர் உருவம் தாவுகிறது. அந்தச் சுவரொட்டியைக் கரைத்திருந்தால் பாதிப் படம் போயிருக்கும்.

பின்னணியை மென்பொருளால் மங்கலாக்கும் ஃபோனின் போர்ட்ரெய்ட் மோட்? அவசரத்துக்கு ஆகும். பறக்கும் முடியிலும் சைக்கிள் ஆரங்களிலும் கத்தரிக்கோல் பட்டதுபோல் தெரிந்துவிடும்.

இருட்டிய பிறகு நானும் கட்சி மாறிவிடுவேன். அப்போது எஃப் 8 வைத்தால் ஐஎஸ்ஓ எகிறி நாய்ஸ், அதாவது மணல்மணலான புள்ளிகள், நிறைந்துவிடும். 50 மி.மீ., எஃப் 1.8 போதும், மூன்று மீட்டரில் சுமார் 38 செ.மீ. வரை தெளிவு கிடைக்கிறது. நிற்கிற ஒருவர் அதற்குள் அடங்கிவிடுவார், பின்னால் வண்டி விளக்குகள் வட்டம் வட்டமாக மிதக்கும்.