டிரெஸ்டனில் முதுகலை, கூடவே ஏ1 ஜெர்மன்: இரண்டு ஆண்டு அனுபவம்

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். வகுப்பறைக்குள் அது சரிதான். ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன், ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்க பெர்லின் அல்ல. வீட்டுக்காரர், மருத்துவரின் வரவேற்பாளர், நகராட்சிப் படிவம் எல்லாமே இங்கே ஜெர்மன்தான். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால், அந்தப் படிவம்தான் முதல் பரீட்சை.

ஜெர்மன் மொழித் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிகள் ஏறும்; அதில் தொடக்கப் படியான ஏ1-ஐச் சென்னையிலேயே முடித்துவிட்டு வந்தேன். அதில் அதிகம் உதவியது எண்களும் நேரமும்தான். 47 என்பதை இவர்கள் 'ஏழும் நாற்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக அடுக்கும்போது பேனா முன்னும் பின்னும் ஓடும். 'ஹால்ப் அஹ்ட்' (சொல்லுக்குச் சொல் 'பாதி எட்டு') என்றால் ஏழரை மணி, எட்டரை அல்ல.

இலக்கணத்தில் தமிழ் கைகொடுக்கிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் 'மிர்' (எனக்கு) போட்டு அப்படியே சொல்கிறார்கள். காரணம் சொல்லும் 'வைல்' வந்துவிட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'காய்ச்சல் இருப்பதால்' என்று யோசிக்கிறவருக்கு அது புதிதல்ல. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாதீர்கள். படுத்துவது பால் பாகுபாடுதான். மேசை ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டுமில்லை. சிறுமியும் இரண்டுமில்லை! பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் சேர்த்தே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் உருப்போடுவதைத் தவிர வழியில்லை.

தினமும் புள்ளி கொடுத்துத் தட்டிக்கொடுக்கும் கைபேசிச் செயலி ஒன்றை மாதக்கணக்கில் பயன்படுத்தினேன். சொற்கள் சேர்ந்தன, பேச்சு வரவில்லை. ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே இலவசமாகத் தரும் காணொளிப் பாடம் எவ்வளவோ மேல். ஏ1 முதல் பி1 வரை ஒரே கதையாக நகர்கிறது.

உண்மையில் பேச வைத்தது ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்ற முதியோர் கல்வி மையத்தின் மாலை வகுப்பு. பல்கலைக்கழக ஜெர்மன் வகுப்பில் இடைவேளை விட்டதும் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த உக்ரைன் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் வெள்ளரி ஊறுகாய் கொண்டுவந்தார். பதிலுக்கு நான் மாங்காய் ஊறுகாயை 'புளிப்பு, உப்பு, ரொம்பக் காரம்' என்று நாலே சொல்லில் விளக்கினேன். எண்ணெய் எவ்வளவு, வெயிலில் வைப்பீர்களா என்று அவர் விடவில்லை. அன்று இடைவேளை முடிந்தும் ஜெர்மன் முடியவில்லை.

ஒரு குறை: பாடப் பதிவுகளில் கேட்கும் ஜெர்மன் வேறு, டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்து முதியவர்கள் பேசுவது வேறு. வல்லின ஒலிகள் அவர்கள் வாயில் குழைந்துவிடும். பேக்கரி வரிசையில் கொஞ்ச நாள் காது கொடுத்துப் பழக வேண்டும்.

சமையலறைப் பகுதிநேர வேலைக்கு ஏ2 போதும்; அலுவலக வேலை விளம்பரங்களோ பெரும்பாலும் பி1, பி2 கேட்கின்றன. மாலை வகுப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். செமஸ்டர் தொடங்கும் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.