ஒரு 21 வோல்ட் மோட்டாருக்காக

இந்தத் தடவை டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்த லீவு 18 நாள். அதில் 4 நாளை மைக்ரோவேவ் ஓவன் தின்றுவிட்டது. கல்யாணம், கோயில் கொடை, திற்பரப்பு அருவி எல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதை விடுங்கள்.

அம்மாவின் ஓவனில் கண்ணாடித் தட்டு சுற்றாமல் போய் மூன்று மாதமாம். லைட் எரிகிறது, சூடும் ஆகிறது. ஆனால் மீன்குழம்பு ஒரு ஓரம் கொதிக்க, மறு ஓரம் பச்சைத் தண்ணீராகக் கிடக்கிறது. டொராண்டோவில் என்றால் பழையதை வாசலில் வைத்துவிட்டுச் சாயங்காலமே புதுசு வாங்கியிருப்பேன். அதைச் சொன்னதும் அம்மா, "நல்லா இருக்கப்பட்ட சாமானத்த தூக்கிப் போடச் சொல்லுதியா மக்கா?" என்றாள்.

சரி, கம்பெனி சர்வீஸுக்கே போன் செய்தேன். மறுநாள் வருகிறோம் என்றவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள். வந்த பையன் ஓவனைக் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பட்டனை அமுக்கினான். "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிருங்க" என்று சொல்லி 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பில் மட்டும் கனடா தரத்தில் இருந்தது.

கோபத்தில் நானே பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓவனைக் கவிழ்த்தேன். மேல்மூடியைத் திறந்தால்தான் ஆபத்து. பிளக்கை எடுத்த பின்னும் உள்ளே கரண்டைச் சேர்த்து வைத்திருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். தட்டு மோட்டார் அடியில் தனியாக இருக்கிறது. தகரத்தில் சதுரமாகக் கீறிவிட்டிருக்கும் இடத்தை கட்டரால் நறுக்கினால் உள்ளங்கை அளவில் வட்டமாக ஒன்று, ஒரு ஸ்க்ரூ, இரண்டு ஒயர். அவ்வளவுதான். நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் அதே மாதிரி ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். தட்டு அசையவே இல்லை.

அப்புறம்தான் வடசேரி ஞாபகம் வந்தது. பழைய ரேடியோ கடைகளில் பாதி இப்போது மொபைல் கவர் விற்கின்றன. ஒரு அண்ணாச்சி மட்டும் மிக்ஸி ஜார்களுக்கு நடுவில் இருந்தார். பழைய மோட்டாரை வாங்கி, எண்ணெய்ப் பிசுக்கைக் கட்டைவிரலால் துடைத்து எழுத்தைக் காட்டினார்.

"இதுல 21 வோல்ட்டுன்னு போட்டுருக்கு பாரு. நீ மாட்டுனது 220. எப்படிச் சுத்தும்? மாறி, 220 வர்ற இடத்துல 21-ஐ மாட்டிருந்தா கருகிருக்கும்."

மூன்றாவது டப்பாவிலிருந்து சரியானதை எடுத்தார். மோட்டார் 250, வோல்ட் பார்த்துச் சொன்னதுக்குக் காசு கேட்கவில்லை. டொராண்டோவில் ஒருத்தர் கையால் துடைத்துப் பார்த்துச் சொல்வதற்கே தனி சார்ஜ். மோட்டாரில் 5/6 என்று வேகம் போட்டிருந்தது: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நிமிஷத்துக்கு 5 சுற்று, கனடாவின் 60 ஹெர்ட்ஸ் கரண்டில் 6. ஊரில் தட்டுகூட நிதானமாகத்தான் சுற்றுகிறது.

மறுநாள் காலை அம்மா சந்தேகமாகக் கூப்பிட்டாள். "நேத்து இந்தப் பக்கம் சுத்திச்சு, இன்னைக்கு அந்தப் பக்கம் சுத்துது. கடைக்காரன் ஏமாத்திட்டான்." அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இந்த மோட்டார் புறப்படும்போது எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் போகும், அது கோளாறு இல்லை என்று சிரித்தார்.

அம்மா நம்பவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் ஓவன் நிலவரம்தான்: "இன்னைக்கு வலத்த போச்சு மக்கா."